உங்களுக்கு ஒரு வக்கீல்

அமெரிக்காவின் 50 மாகாணங்களில் 43-ல், சர்க்காரின் தலைமை வக்கீலை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், தெரியுமோ? அட்டர்னி ஜெனரல் என்று பெயர். நம் தமிழ்நாட்டில் அவர் அட்வகேட் ஜெனரல். அரசியல் சட்டத்தின் 165-வது ஷரத்துப்படி கவர்னர் நியமிக்கிறார், நமக்கு ஓட்டில்லை.

போகட்டும். அவர் சர்க்காருக்குத்தானே வக்கீல்! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்குச் சம்பளப் பாக்கி என்றால் அவரா வந்து வாதாடப் போகிறார்? அவளுக்கு யார் வக்கீல்?

இருக்கிறார், சகோதரிகளே! 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டம் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருகிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். வழக்கில் நியாயம் இருந்தால் போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விவரம் கேட்கலாம். அடுப்பங்கரைக் காலண்டரில் இன்றே குறித்து வையுங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லுங்கள்.