முளைக்காத விதையை எப்படி வீடியோ எடுப்பது?

விதை வாங்கினால் முளைக்கணும். முளைக்கலைன்னா வித்தவர் பதில் சொல்லணும். எங்க தாத்தா காலத்துல இருந்து இதுதான் நியாயம். இப்போ ஆன்லைன்ல விதை விக்கிறவங்க வேற ஒரு நியாயம் கொண்டு வந்திருக்காங்க. "முளைக்கலைன்னு நீங்கதான் நிரூபிக்கணும், அதுவும் ஏழு நாளுக்குள்ள." இதைப் பத்தி எழுதாம இருக்க முடியலை நண்பர்களே.

நடந்தது இதுதான். கால் ஏக்கர்ல மிளகாய் நடலாம்னு பத்து கிராம் வீரிய ஒட்டு விதை ரெண்டு பாக்கெட் வரவழைச்சேன். 98 குழித்தட்டு 30 எடுத்து, குழிக்கு ஒரு விதை போட்டோம். மொத்தம் 2940 விதை. பாக்கெட்ல குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம்னு அச்சடிச்சிருக்கு. அந்தக் கணக்குக்கு 1764 நாத்தாவது வந்திருக்கணும். பதினாலாம் நாள் வீட்டம்மாவும் நானும் தட்டு தட்டா உட்கார்ந்து எண்ணினோம். 781தான் இருந்துச்சு. அதே நாள், அதே தென்னைநார்க் கழிவு, அதே தண்ணி. டவுன் கடையில வாங்கின விதையையும் ரெண்டு தட்டு போட்டிருந்தேன். அதுல 196-க்கு 171 வந்திருந்துச்சு.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு.

"சார், பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?"

"பிரிக்கும்போது எடுத்தா பாக்கெட்டுக்குள்ள விதை இருக்கிறது தெரியும். அதுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு வீடியோவுல எப்படிம்மா தெரியும்?"

"புகார் பண்ண ஏழு நாள்தான் டைம் சார். உங்களுக்கு முடிஞ்சிருச்சு."

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்லை. எதிர்ல இருக்கிற திரையில வர்றதைப் படிக்குது. அந்த ஏழு நாளை எழுதி வச்சவங்க மேலதான் கோபம். விதைப் பரிசோதனை நிலையத்துல, எல்லா வசதியோடவும், மிளகாய் முளைப்பைக் கடைசியா எண்ணுறது 14-ஆம் நாள். ஆய்வுக்கூடத்துக்கே பதினாலு நாள் வேணும்னா, விவசாயி மட்டும் ஏழு நாள்ல எப்படி நிரூபிப்பான்? செல்போன் உறைக்கும் புடவைக்கும் போட்ட விதியை அப்படியே விதைக்கும் ஒட்டி வச்சிட்டாங்க. புடவை கிழிஞ்சிருந்தா பிரிச்ச உடனே தெரியும். விதையில இருக்கிற குறை மண்ணுக்குள்ள போன பிறகுதான் தெரியும்.

இன்னொரு பக்கமும் பாருங்க. நாங்க விக்கப் போகும்போது நடக்கிறது என்ன? நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா கொள்முதல் நிலையத்துல மூட்டை நிக்கும். மண்டியில மிளகாய் கொஞ்சம் வாடியிருந்தா அங்கேயே விலை இறங்கும். எங்க சரக்குல குறை இருக்குன்னு வாங்குறவர் வாயால சொன்னாப் போதும். அவர்கிட்ட யாரும் வீடியோ கேக்கிறதில்லை. அதே விவசாயி வாங்குற இடத்துல நின்னா, ஆதாரம் எங்கேன்னு கேக்குறாங்க. விக்கும்போதும் நாங்கதான் நிரூபிக்கணும், வாங்கும்போதும் நாங்கதான் நிரூபிக்கணும். இது என்ன தராசு?

"தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க, நாத்தங்கால் சரியில்லாம இருந்திருக்கும், இதுக்கெல்லாம் நாங்க பொறுப்பா?"ன்னு அவங்க கேக்கலாம். நியாயமான கேள்விதான். பொய்யாப் புகார் சொல்றவங்களும் இருப்பாங்க. ஆனா அதுக்கு வழி அவங்க கையிலதான் இருக்கு. ஒவ்வொரு பாக்கெட்லயும் குவியல் எண் இருக்கு. அதே குவியல் விதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பட்டும். முளைச்சா என் மேல தப்புன்னு சொல்லட்டும். நான் வாங்கின விதை முழுக்க மண்ணுக்குள்ள போயாச்சு. அவங்க கிடங்குல இருக்கு இல்லையா?

இது நானா கண்டுபிடிச்ச வாதம் இல்லை. தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல 2012-லயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். விதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான். பரிசோதனைக்குன்னு அவன் ஒரு பங்கு விதையை எடுத்து வச்சிருக்கணும்னு எதிர்பார்க்க முடியாதுன்னு தீர்ப்புல தெளிவா இருக்கு. 2020-ல் வந்த மின்வணிக விதிகளும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. ஏழு நாள், வீடியோ எல்லாம் கம்பெனி எழுதிக்கிட்ட நிபந்தனை. அதைச் சட்டம்னு நினைச்சு நாம பயந்துக்கிட்டிருக்கோம்.

விதைக் காசு போனா போகட்டும். ஆடிப் பட்டம் போச்சே, அதை யார் திருப்பித் தருவா? உழுது, தொழுவுரம் கொட்டி, பாத்தி கட்டி வச்ச நிலம் நாத்துக்காகக் காத்துக் கிடக்கு. மறுபடி விதை போட்டா நடுற அளவுக்கு நாத்து வளர இன்னும் 35, 40 நாள் ஆகும். இந்த நஷ்டத்தைச் சொல்ல கஸ்டமர் கேர்ல எந்தப் பட்டனையும் காணோம்.

அதனால நான் கேக்குறது ரெண்டுதான். விதைக்குப் புகார் காலத்தை அந்தப் பயிர் முளைக்கிற நாளை வச்சுக் கணக்கிடுங்க. குவியல் நல்ல விதைதான்னு காட்டுற பொறுப்பை வித்தவர் எடுத்துக்கட்டும்.

அதுவரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. பில்லையும் காலி பாக்கெட்டையும் அதுல இருக்கிற சீட்டோட பத்திரமா வச்சுக்கோங்க. முளைப்பு குறைஞ்சா தட்டைக் கொட்டிடாதீங்க. விதை ஆய்வாளருக்கு எழுத்துல கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. நான் மனு எழுதியாச்சு. 781 நாத்து நிக்கிற 30 தட்டும் அப்படியே நிழல்வலைக்குள்ள இருக்கு. யார் வேணும்னாலும் வந்து எண்ணிப் பார்க்கலாம்.