வெல்வது யார்? ஓட்டுபவரா, காரா?

கார் பந்தயம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வேகம். ஆனால் பந்தயத்தில் முதலில் நடப்பது ஓட்டம் அல்ல, சோதனை!

காரை நிறுத்தி வைத்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். பிரேக்கைப் பார்க்கிறார்கள். சக்கரத்தைப் பார்க்கிறார்கள். விதிக்கு மாறாக ஏதாவது இருந்தால், ஓட்டுபவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தக் கார் களத்தில் இறங்க முடியாது.

"ஓட்டுவது மனிதன்தானே! காரை ஏன் இப்படிக் குடைகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

இதற்கு விடை திருப்பூர் பனியன் கம்பெனியிலேயே இருக்கிறது.

இரண்டு தையல்காரர்கள்

இரண்டு பேர் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார்கள். ஒருவருக்குப் புது மெஷின். மற்றவருக்குப் பழைய மெஷின். மாலையில் எண்ணிப் பார்த்தால் புது மெஷின்காரரே அதிகம் தைத்திருப்பார். அதனால் அவர்தான் கைதேர்ந்தவர் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. இருவருக்கும் ஒரே மாதிரி மெஷின் கொடுத்தால்தான் யாருடைய கை தேர்ந்த கை என்பது தெரியும். கார் பந்தயமும் அப்படித்தான்.

தெரியாமல் நடக்கும் தில்லுமுல்லு

'ஆட்டோகிராஸ்' என்று ஒரு பந்தயம் உண்டு. திறந்த மைதானத்தில் வளைந்து வளைந்து வழி அமைப்பார்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். குறைந்த நேரத்தில் சுற்றி வருபவருக்கு வெற்றி. இதைத் தொழிலாகக் கொள்ளாத சாதாரண மனிதர்களும் சொந்தக் காரில் கலந்துகொள்ளலாம்.

சிறிய எஞ்சின் கார்கள் ஒரு பிரிவு. பெரிய எஞ்சின் கார்கள் வேறு பிரிவு. ஆனால் சிறிய எஞ்சினின் சிலிண்டரைக் கொஞ்சம் குடைந்து பெரிதாக்கிவிட்டால்? வெளியே எதுவும் தெரியாது. கார் மட்டும் பாயும். கூட்டம் கைதட்டும்.

அங்கே வென்றது திறமை அல்ல, பணம்! அவ்வளவு செலவு செய்ய முடியாத ஏழை வீட்டுப் பிள்ளை, நன்றாக ஓட்டியும் தோற்றுப் போவான். அவனுக்குக் காவல் அந்தச் சோதனைதான்.

கோவை காட்டிய வழி

இதற்கு நல்ல வழி கண்டவர் பக்கத்துக் கோவையைச் சேர்ந்த கரிவர்தன். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர். 1988-ல் 'ஃபார்முலா மாருதி' என்ற காரை உருவாக்கினார். ஒருவர் மட்டும் உட்காரும் சிறிய கார். அதில் மாருதி 800 காரின் எஞ்சின். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார்! செலவும் குறைவு.

கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயக் களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தச் சிறிய காரில்தான். 2005-ல் அவர் 'ஃபார்முலா ஒன்' பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கார்கள் சமமாக இருந்த இடத்தில் அவருடைய கை வெளியே தெரிந்தது.

சாலை, களம் அல்ல

சோதனையும் வேண்டாம், விதியும் வேண்டாம் என்று பொதுச் சாலையில் போட்டி போடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவது குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு.

ஷிப்டு முடிந்து ஆணும் பெண்ணும் வீடு திரும்பும் சாலை அது. அங்கே தவறினால் போவது பரிசு அல்ல, உயிர்!

பிள்ளைக்கு வேகத்தில் ஆசை இருக்கலாம். அவனைக் களத்துக்கு அனுப்புங்கள். முதலில் காரைச் சோதிக்கட்டும். பிறகு அவன் கைத்திறனை ஊர் பார்க்கட்டும்.