இரண்டு சீட்டையும் சேர்த்துப் பாருங்கள்

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் மூளை, நரம்பு நலனுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கும், அரசு மருத்துவமனைகளின் நரம்பியல் துறைகளுக்கும்:

எச்.ஐ.வி.யுடன் வாழும் நாங்களும், எங்களுக்கு வலிப்பு வரும்போது ஓடிவந்து தலையைத் தாங்கும் எங்கள் வீட்டாரும் சேர்ந்து இதை முன்வைக்கிறோம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சை இலவசமாகத் தொடங்கியபோது முதல் எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்தால்தான் எங்களில் பலர் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துப் பேரன் பேத்தி பார்த்திருக்கிறோம். அதற்கான நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் வைரஸ் மூளைக்குள்ளும் போகிறது. வைரஸால் எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் மற்ற கிருமிகளும் மூளைக்கு ஏறுகின்றன. அங்கே நடப்பதைக் கவனிக்க எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் யாரும் இல்லை.

முதல் கோரிக்கை இது. எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், காரணத்தைத் தேடாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். “தூக்கம் கெட்டதால் வந்த ஃபிட்ஸ்” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அந்த வலிப்புக்குப் பின்னால் மூளையில் காசநோய்க் கட்டி இருக்கலாம், காசநோய் மூளைச்சவ்வுக் காய்ச்சல் இருக்கலாம். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 100-க்குக் கீழே போனவர்களுக்கு டாக்ஸோபிளாஸ்மாவோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையோ இருக்கலாம். எச்.ஐ.வி.க்குச் சம்பந்தமில்லாத நாடாப்புழு நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். இவை அத்தனைக்கும் மருந்து உண்டு. டாக்ஸோபிளாஸ்மாவைத் தடுக்கவும், வந்தபின் குணப்படுத்தவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூடக் கிடைக்கும் கோட்ரைமாக்ஸசோலே போதுமானதாக இருக்கிறது. ஆகவே முதல் வலிப்பு வந்த அன்றே சிடி4, மூளை ஸ்கேன், கிரிப்டோகாக்கஸ் பரிசோதனை, தேவைப்பட்டால் முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்ப்பது ஆகிய அனைத்தும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் செலவில்லாமல் நடக்க வேண்டும்.

இதில் கிரிப்டோகாக்கஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரை எடுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனைக்கு விரல் நுனி இரத்தம் போதும், பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆம்பிஷன் ஆய்வைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சிகிச்சையையே எளிமையாக்கிவிட்டது: லிபோசோமல் ஆம்போடெரிசின் ஒரே ஒரு முறை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம்; அதனுடன் 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும். மலாவியிலும் உகாண்டாவிலும் நடத்திக் காட்டியதை மதுரையிலும் சேலத்திலும் செய்ய முடியாதா? பட்டையும் இந்த மூன்று மருந்துகளும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். வாங்கித் தர வேண்டியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். சிடி4 குறைந்து வரும் ஒவ்வொருவருக்கும், தலைவலி தொடங்கும் முன்பே, இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. எச்.ஐ.வி. உறுதியானதும் அன்றைக்கே ஏ.ஆர்.டி. தொடங்குவது நல்ல கொள்கை. அதை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் நாள்பட்ட தலைவலியோடும் குழப்பத்தோடும் வருபவருக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கினால் ஆபத்து. திடீரென்று விழித்துக்கொள்ளும் எதிர்ப்பு சக்தியே மூளையை வீங்கச் செய்துவிடும். கிரிப்டோகாக்கஸ் என்றால் பூஞ்சைக்கு மருந்து கொடுத்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே ஏ.ஆர்.டி. தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுதலே இருக்கிறது. “தலைவலி உண்டா, வாந்தி உண்டா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா?” இந்தக் கேள்விகளைக் கேட்காமல் முதல் மாத்திரை கொடுக்கக் கூடாது.

இனி, இந்தச் சாசனத்துக்குக் காரணமான கோரிக்கைக்கு வருகிறோம்.

இன்று எங்களில் பெரும்பாலோர் விழுங்குவது ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதில் அடக்கம். வலிப்பு வந்தால் அரசு மருத்துவமனையில் முதலில் கைக்கு வருவது ஃபெனிடாயின், கார்பமாஸெபின், ஃபெனோபார்பிடோன். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், வலிப்பையும் நிறுத்தும். ஆனால் இவை மூன்றும் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன; உள்ளே போன டோலுடெக்ராவிர் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைகிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் வைரஸ் மறுபடி தலைதூக்கும், மருந்துக்கு மசியாத வடிவம் எடுக்கவும் வழி கிடைக்கும். பிறகு வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் வைரஸின் அளவு, கூடும்போது கவுன்சிலர் எங்களைப் பார்த்துக் கேட்பது, “மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லையா?” என்றுதான். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கியவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

நரம்பியல் மருத்துவர் வேண்டுமென்று இப்படி எழுதுவதில்லை. ஏ.ஆர்.டி. மையம் ஒரு கட்டடம், நரம்பியல் பிரிவு இன்னொரு கட்டடம். இங்கே ஒரு அட்டை, அங்கே ஒரு சீட்டு. எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னால் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும், கட்டிலைக் கடைசி மூலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் நாங்கள் அங்கே வாய் திறப்பதில்லை. வலிப்பு இருப்பதைச் சொன்னால் வேலை போகும் என்று இங்கேயும் சொல்வதில்லை. எங்கள் வாயை அடைத்தது எது என்று அரசுக்குத் தெரியும். தெரிந்துதான் 2017-இல் எச்.ஐ.வி. சட்டமே வந்தது.

ஆகவே கேட்கிறோம். ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொரு வருகையிலும் “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று தனியறையில் கேட்டு அட்டையில் குறிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது நரம்பியல் மருத்துவரும் ஏ.ஆர்.டி. மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்களைப் பார்க்க வேண்டும். இந்த மருந்துகளோடு மோதாத லெவெடிராசிட்டம் தாலுகா மருத்துவமனை வரைக்கும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். சிலருக்கு அது எரிச்சலையும் மனச்சோர்வையும் தரும் என்பதால் அதையும் கேட்டறிய வேண்டும். வால்ப்ரோயேட் டோலுடெக்ராவிரைக் குறைப்பதில்லை. ஆனால் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு அதை விளக்கம் சொல்லாமல் எழுதக் கூடாது. கார்பமாஸெபின் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இரண்டு வேளையாக வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இந்த இரண்டாவது மாத்திரையைத் திட்டமே இப்போது கொடுக்கிறது. மாத்திரை இருக்கிறது, வழங்கும் முறையும் இருக்கிறது. வலிப்பு உள்ளவர்களின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும்.

இதைப் படிக்கும் நம் ஆட்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள், மருந்தை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

அவசரப் பிரிவில் நடப்பது பற்றி. வலிப்பில் நாக்கைக் கடித்து வாயில் இரத்தத்தோடு வருபவரைத் தொடத் தயங்குகிறார்கள். எச்சிலால் எச்.ஐ.வி. பரவாது, காயமில்லாத தோலில் இரத்தம் பட்டாலும் பரவாது, கையுறை போட்டுக்கொண்டால் போதும். கையுறையும், ஊசி குத்திவிட்டால் போட வேண்டிய தடுப்பு மருந்தும் பணியாளருக்குக் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் சட்டக் கடமை. அது கிடைக்காத செவிலியரின் பயத்தையும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். 108 பணியாளருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், பேருந்து நடத்துநருக்கும் முதலுதவி கற்றுக்கொடுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனை. கையில் இரும்புச் சாவி கொடுப்பதில் ஒரு பயனும் இல்லை.

சிகிச்சை மறுக்கப்பட்டால் போக வேண்டிய இடத்தையும் அந்த எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. குறைதீர்ப்பாளர் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். அவரை எப்படி அணுகுவது என்பது ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்தின் சுவரிலும், ஒவ்வொரு அவசரப் பிரிவின் வாசலிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிகிச்சையும் பரிசோதனையும் தருவதைப் பற்றிப் பேசும் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் “இயன்றவரை” என்று ஒரு சொல் இருக்கிறது. சட்டமன்றத்தில் பேசும் கட்சிகளையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் கேட்கிறோம்: அந்தச் சொல்லை எடுத்துவிடப் பாடுபடுங்கள்.

மறதியும் நோய்தான். வைரஸ் கட்டுக்குள் இருந்தாலும் சிலருக்கு ஞாபகமும் கவனமும் மெல்லக் குறைகின்றன. ஆண்டுக்கொரு முறை சிறு சோதனை வையுங்கள். பிறவியிலேயே தொற்று பெற்ற பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினால் சோம்பேறி என்று சொல்லாமல் மூளை வளர்ச்சியைப் பாருங்கள்.

பிழைப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டிக் குடும்பம் காப்பாற்றிய ஒருவருக்கு வலிப்பு வந்தால் உரிமம் கிடைக்காது. சாலையில் போகும் மற்றவர் உயிரை நினைத்தால் அது சரியே; அதை எதிர்க்கவில்லை. ஆனால் அவர் அடுத்து என்ன செய்வார்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் வலிப்பும் இல்லை, எச்.ஐ.வி.யும் இல்லை. வலிப்பால் வாழ்வாதாரம் இழந்தவர்களுக்கு மாத உதவித்தொகையும் மாற்றுத் தொழிலுக்குக் கடனும் வேண்டும்.

இத்தனையும் ஒரே நாளில் நடக்காது என்று தெரியும். பணம் அதிகம் தேவைப்படாத மூன்றை முதலில் செய்யுங்கள்: மருந்து விவரத்தை அட்டையில் குறிப்பது, இரண்டாவது டோலுடெக்ராவிருக்கான சுற்றறிக்கை, குறைதீர்ப்பாளரை அணுகும் விவரத்தைச் சுவரில் ஒட்டுவது. வரும் டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாளுக்குள் இவை அரசாணையாக வர வேண்டும். வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை எல்லா மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களின் குறைதீர் கூட்டத்திலும் இந்தச் சாசனத்தை மனுவாகக் கொடுப்போம். எங்கள் பெயர் வெளியே வராமல் காக்கும் உரிமை சட்டத்தில் இருப்பதால் கையெழுத்துப் பட்டியலை இங்கே அச்சிடவில்லை. பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் நேரில் கொண்டுவருகிறோம்.