ஓர் ஆசிரியர், பல பள்ளிகள்: கிராமப்புறக் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி

தமிழ்நாட்டின் கிராமத்துப் பள்ளியில் பயிலும் மாற்றுத்திறன் குழந்தைக்கான சிறப்புக் கல்வி பெரும்பாலும் வட்டார வள மையத்திலிருந்தே வருகிறது. அங்குள்ள சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் பல பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் இல்லங்களுக்கும் முறை வைத்துச் செல்கின்றனர்.

இம்முறை நிரந்தரத் தீர்வன்று. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்றும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்றும் அளவு நிர்ணயிக்கப்பட்டது. போதிய ஆசிரியர்கள் கிடைக்கும்வரை அருகமைப் பள்ளிகளுக்குள் ஒருவரைச் சுழற்சியில் அனுப்புவதை நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாகவே அனுமதித்தது. 2025 மார்ச்சில் இவ்வழக்கு மீண்டும் வந்தபோது, தேவையான பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

பணியிடங்கள் நிரம்பிவிட்டால் சிறப்பாசிரியர் நாள்தோறும் நம் ஊர்ப் பள்ளியிலேயே இருப்பாரா? பெரும்பாலான சிற்றூர்களில் இருக்கமாட்டார். இரண்டு குழந்தைகள் மட்டுமே உள்ள பள்ளி 10 என்ற எண்ணிக்கையை எட்டப்போவதில்லை. எனவே, பகிர்வு ஏதேனும் ஒரு வடிவில் தொடரும். அவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வராத நாள்களில் என்ன நடக்கிறது என்பவையே பெற்றோர் வினவ வேண்டியவை. ஒவ்வொரு வருகையின்போதும், அடுத்த வருகைவரை செய்ய வேண்டிய பயிற்சிகளை வகுப்பாசிரியருக்கும் வீட்டாருக்கும் எழுதித் தரக் கேளுங்கள். பயிற்றுநர் எவ்வகைக் குறைபாட்டிற்கான சிறப்புப் பயிற்சி பெற்றவர் என்பதையும் அறிந்துகொள்க. அறிவுசார் குறைபாட்டிற்குப் பயின்றவர் செவித்திறன் குறைந்த குழந்தைக்குப் பயிற்சியளிக்க நேரும்போது, அவருக்கே துணை தேவைப்படும்.

குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொண்டே பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. பதிவில் இல்லாத குழந்தை அக்கணக்கிலும் இராது. ஊரார் பேச்சுக்கு அஞ்சிப் பதிவைத் தவிர்ப்பது தம் குழந்தையை மட்டுமன்றிப் பக்கத்து ஊர்க் குழந்தையையும் பாதிக்கும். மருத்துவ மதிப்பீட்டு முகாமில் சான்று பெறுவதோடு, பள்ளிப் பதிவேட்டில் அவ்விவரம் ஏறியுள்ளதா என்பதையும் தலைமையாசிரியரிடம் உறுதி செய்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பல சலுகைகளுக்கு 40 விழுக்காட்டுக் குறைபாட்டை வரம்பாக வைத்துள்ளது உண்மையே. ஆயினும், அதற்குக் குறைவானோரையும் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான உதவியுடன் கற்பிக்க வேண்டிய கடமை பள்ளிக்கு உண்டு.

கடுமையான குறைபாடு அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகள் இல்லம் சார்ந்த கல்வியைத் தெரிவு செய்யும் உரிமை, கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. பள்ளியில் சாய்தளம் இல்லை, பயிற்றுநருக்கு நேரமில்லை என்ற காரணங்களுக்காக அதைப் பெற்றோர்மீது சுமத்த இயலாது.