வெண்பாவுக்கும் வருணமா?

1949-ல் பெரியார் அவர்கள் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டியது முதல், நம் இயக்கத் தோழர்களில் குறள் படிக்கிறவர்கள் பெருகினார்கள். நல்லதே. ஆனால், "நீங்களும் ஒரு குறள் வெண்பா எழுதுங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். "அதற்குப் பரம்பரை வேண்டும், சரஸ்வதி கடாட்சம் வேண்டும்" என்று ஒதுங்கி விடுவார்கள். இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது?

பாட்டியல் என்கிற இலக்கண நூல்களைப் புரட்டினால் சங்கதி விளங்கிவிடும். வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வைசியருக்கு, வஞ்சிப்பா சூத்திரருக்கு என்பதாகப் பாட்டுக்கும் பூணூல் மாட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டோடு விட்டார்களா? எழுத்துக்கும் ஜாதி! உயிர் பன்னிரண்டும் முதல் வருணமாம். ழகரமும் ளகரமும் கடைசி வருணமாம். அப்படியானால் "தமிழ்" என்கிற சொல்லில் கடைசியாக நிற்கிற எழுத்தே சூத்திரன்! இதற்கும் பண்டிதர்கள் வெட்கமில்லாமல் உரை எழுதிக் காப்பாற்றினார்கள். போதாக்குறைக்கு, நச்செழுத்தில் தொடங்கினால் பாட்டுடைத் தலைவனுக்கு ஆபத்து என்று ஒரு ஜோசியம் வேறு. எழுத்தே ஆளைக் கொல்லுமானால் பட்டாளம் எதற்கு என்று கேட்கிறோம்.

நிற்க. குறள் வெண்பாவில் ரகசியம் ஒன்றுமில்லை. முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, ஆக ஏழு. தனித்து நிற்பது நேரசை. குறில் முன்னே வந்து புள்ளியில்லாத இன்னோர் எழுத்தோடு இணைந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் நேரில். மூவசைச் சீரானால் நேரில்தான் முடியலாம். அதன் பின்னும் நேரே வரவேண்டும். கடைசிச் சீருக்கு மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடு. இவ்வளவுதான்! பாவு இழைகளைத் தவறாமல் எண்ணிப் பிணைக்கிற நெசவாளத் தோழருக்கு ஏழு சீரை எண்ண வராதா? எதுகை மோனையைக் காதே சொல்லிக் கொடுக்கும்.

இதனால் நமக்கென்ன லாபம் என்பீர்கள். எழுத்தறியாத தாய்மாரும் இரண்டு முறை கேட்டால் மனதில் வைத்துக்கொள்ளக் கூடிய அளவு இது. மேடையில் ஒரு மணி நேரம் பேசியதைச் சுவரில் இரண்டே வரியில் எழுதிவிடலாம். சாமியையும் ஜமீன்தாரையும் புகழ்ந்து புலவர்கள் பாடிக் குவித்தது போதாதா? திவசச் செலவைப் பற்றி, வட்டிக் கடனைப் பற்றி, விதவைப் பெண்ணின் கதியைப் பற்றி எழுதுங்கள்.

தளை தட்டினால் சொல்லை மாற்றிக் கொள்ளலாம். அதற்காகப் புரோகிதரைக் கூப்பிட்டுத் தோஷம் கழிக்க வேண்டியதில்லை.