முதல் வகுப்பில் பறந்தால் சுகமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் பலர் உண்டு. பேரக் குழந்தையைப் பார்க்க அவர்களும் விமானம் ஏறுகிறார்கள். "அம்மாவை முதல் வகுப்பில் அழைத்து வரவேண்டும்" என்று மகன் ஆசைப்படுவான். நல்ல ஆசைதான். ஆனால் கட்டணமோ பல மடங்கு! அதற்கு ஏற்ற பலன் உண்டா?

தூக்கம் உண்டு. 2007 அக்டோபர் 25-ந்தேதி சிங்கப்பூரில் இருந்து சிட்னிக்குப் பறந்த ஏ380 விமானத்தில், கதவு போட்ட தனி அறைகளே இருந்தன. படுக்கையில் காலை நீட்டித் தூங்கலாம். முதுகுவலிக்காரர்களுக்கு அது வரம்.

விருந்து? அங்கேதான் ஏமாற்றம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம், 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். ஊட்டியும் அந்த உயரம்தான். காற்றும் வறண்டிருக்கும். அதனால் உப்பும் இனிப்பும் நாக்குக்குச் சரியாகத் தெரியாது. எந்த வகுப்பானாலும் இதே கதைதான்.

கால் வீங்காமல் இருக்க, அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும். அதற்கு நடைபாதை ஓர இருக்கை போதும். முன்கூட்டியே சொல்லிவைத்தால், சக்கர நாற்காலி உதவி சாதாரண வகுப்புப் பயணிக்கும் உண்டு.

வசதி உள்ளவர்கள் முதல் வகுப்பில் போகட்டும். கடன் வாங்கிப் போகவேண்டாம். மிச்சமாகும் பணத்தில், பாட்டி இன்னொரு முறையும் பேரனைப் பார்த்து வரலாமே!