பிள்ளைப்பேறும் சிக்கனமும்

வீட்டுக்கு ஒரு மழலை வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும், மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கவலையும் வந்து சேர்ந்துவிடுகிறது. "செலவுக்கு என்ன செய்வது?" என்பதே அது. மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரக் கிராமங்களிலும் வாழும் குடும்பங்களுக்கு இக்கவலை சற்று அதிகம். கடலை நம்பியவர்களுக்கு வாடைக் காலத்தில் ஒரு வரவு, சோளகக் காலத்தில் வேறொரு வரவு. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிப் பயிர் செய்பவர்களுக்கோ காலபோக அறுவடை முடிந்த பின்னரே கையில் காசு. ஆனால் பிள்ளை, வரவு பார்த்துப் பிறப்பதில்லை.

விலைவாசி ஏறினால் கைக்குழந்தை உள்ள வீடு என்ன பாடுபடும் என்பதை 2022ஆம் ஆண்டிலே கண்டோம். பால்மாப் பெட்டிக்காக மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. அவ்வாண்டு மார்ச் 22ஆம் திகதி, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் படகேறி இராமேஸ்வரம் பக்கத்துக் கரையைச் சேர்ந்த 16 பேரில், நான்கு மாதக் குழந்தை ஒன்றும் இருந்தது. இதனை நினைக்கும் போது, வருமுன் காப்பதன் அருமை நன்கு விளங்குகின்றது.

சிக்கனம் என்றால் எல்லாவற்றையும் குறைப்பது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்று பிரித்தறிவதுதான் உண்மையான சிக்கனம்.

கேளாமலே கிடைப்பவை

முதலில், நமக்கு இலவசமாகக் கிடைப்பவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட நாளிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாட்டின் பயனாக, இன்று குடும்பநல உத்தியோகத்தர் நம் வீட்டு வாசலுக்கே வருகின்றார். கருவுற்ற எட்டு வாரங்களுக்குள் அவரிடம் பதிந்துகொள்வது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, 1973ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோஷா ஆகிய யாவற்றுக்கும் பணம் கேட்பதில்லை. 2015ஆம் ஆண்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கெனப் போஷாக்கு உதவியும் ஏற்படுத்தப்பட்டது. அது இப்போது எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை அவரிடமே விசாரித்தறியலாம். அரசினர் வைத்தியசாலையில் பிரசவத்துக்கும் கட்டணம் இல்லை. இவ்வளவும் இருக்க, அயலவர் சொன்னார் என்பதற்காக நகையை அடகு வைத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைக்கு ஓடுவானேன்?

உடுப்பும் ஏணையும்

பிறக்குமுன் பிள்ளைக்கு உடுப்பு வாங்கலாகாது என்ற வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை மீற விரும்பாத பாட்டிமாருடன் வாதாட வேண்டியதில்லை. பழைய நூல்வேட்டிகளையும் பருத்திச் சேலைகளையும் கொதிநீரில் அவித்து, வெயிலில் உலர்த்தி, மடித்து வையுங்கள். பச்சிளங் குழந்தையின் தோலுக்கு அவற்றைப் போல் இதமானது வேறில்லை. அணைத்துணிக்கும் அவையே போதும். கடையில் விற்கும் எறிதுணிகளைப் பயணத்துக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும் வைத்துக்கொண்டால், மாதச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். அக்காள் பிள்ளையின் சட்டையைத் தங்கை பிள்ளைக்குப் போடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. மூன்றே மாதத்தில் சிறுத்துப் போகும் சட்டைக்குப் புதுப்பணம் எதற்கு? பவுடரும் வாசனைத் தைலமும் குழந்தைக்கு அவசியமே அல்ல. ஆனால் நல்ல நுளம்பு வலை ஒன்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

பால் கணக்கு

எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பு தாய்ப்பாலே. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை. நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேருக்குத் தாய்ப்பால் மட்டுமே ஊட்டப்படுவதாக 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் கூறுகிறது. பெருமைப்படத்தக்க செய்தி. புட்டிப்பால் என்று தொடங்கினால், மாவுக்கும் புட்டிக்கும் விறகுக்கும் செலவு. கிணறு உவராகிப்போன இடங்களில் நல்ல தண்ணீருக்கும் செலவு. புட்டியிலே அழுக்குச் சேர்ந்தால் வயிற்றோட்டம் வேறு. கழுதைப்பால் புகட்டினால் நோய் அணுகாது என்ற பழைய நம்பிக்கையையும் நமது வீதிகளில் திரியும் கழுதைகளோடு விட்டுவிடுவோம். பால் சுரக்கவில்லை என்று தோன்றினால் கடைக்குப் போகுமுன் குடும்பநல உத்தியோகத்தரிடம் போகவேண்டும். குழந்தையை அணைக்கும் முறையைச் சற்றே திருத்தினாலும் பல வேளைகளில் குறை நீங்கிவிடும்.

குறைக்கக் கூடாதது

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டிலே பணமுடை ஏற்பட்டால் முதலில் குறைவது யாருடைய சாப்பாடு? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியின் அடியில் இருப்பதை உண்ணும் பெண்ணுடைய சாப்பாடுதான். அவள் கர்ப்பவதியாய் இருக்கும்போதும் இவ்வழக்கம் மாறுவதில்லை. அவளுக்கெனக் கிடைத்த திரிபோஷாவும் வீட்டார் அனைவருக்கும் பங்காகிவிடுகிறது. இது சிக்கனமன்று. இரத்தசோகை பிடித்த தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறந்தால், அந்த நட்டத்தை எந்தச் சேமிப்பால் ஈடுசெய்வது?

பெரிய மீன் கொழும்பு வியாபாரிக்குப் போகட்டும். சூடையும் கீரியும் காரலும் மலிவாகக் கிடைப்பவை. சத்திலோ குறைந்தவை அல்ல. முருங்கையிலை வேலியிலேயே நிற்கிறது. அதனோடு தேசிக்காய்ப் புளி சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அச்சத்து வீணாகும்; ஒரு மணி நேரமாவது கழித்து அருந்துங்கள். குரக்கன், பயறு, முட்டை இவற்றுக்கும் வழி செய்யவேண்டும். பிள்ளை பெற்றபின் பத்தியம் என்ற பெயரால் பட்டினி போடாதீர்கள். பாற்சுறாக் கறியும் சரக்கரைத்த குழம்பும் வைத்துக் கொடுத்த நம் முன்னோர் விவரம் அறிந்தவர்களே.

கடனும் சடங்கும்

31ஆம் நாள் துடக்குக் கழிவு, திருமுழுக்கு, அகீகா என்று மன்னாரின் மூன்று சமயத்தாருக்கும் பிள்ளையை வரவேற்கும் சடங்கு உண்டு. சடங்கைச் செய்யுங்கள், விருந்தைச் சுருக்குங்கள். ஊரார் ஒரு நாள் உண்டு போவதற்காக வாரத் தவணைக் கடன் எடுத்தால், பால் குடிக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே தவணைக்காரருக்குப் பதில் சொல்ல நேரும். 2018ஆம் ஆண்டில் வறட்சியால் நலிந்த 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

மீன் நன்றாகப் பட்ட நாளில், நெல் விற்ற நாளில், ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். அது வைத்தியசாலைப் போக்குவரத்துக்கும், கணவர் தொழிலுக்குப் போகாது உடனிருக்கும் நாட்களுக்கும் உதவும். தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் தொலைவாய் வாழ்வோர் 1990 என்ற எண்ணை மறவாதீர்கள். 2018ஆம் ஆண்டில் வடக்குக்கு வந்த அவசர நோயாளர் வண்டிக்கும் கட்டணம் இல்லை. பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டால் பிற்கால அலைச்சலும் மிஞ்சும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: இந்தக் கணக்கை மனைவியிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்றிரவே இருவரும் அமர்ந்து, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாயின் சாப்பாட்டை முதல் வரியிலும் விருந்துச் செலவைக் கடைசி வரியிலும் எழுதுங்கள். பணம் போதாவிட்டால் கடைசி வரியிலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள்.